ஏழாவது ஷரத்து

பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் மூன்று டைப்பிங் கடைகள் இருக்கின்றன. நடுக்கடையில் ஜன்னலோரமாக உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் ‘ஷரத்து அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வருஷமாக வாடகை ஒப்பந்தம் தட்டுகிறாள். முதலில் தட்டச்சு இயந்திரத்தில், பிறகு கணினியில். பொறி மாறியதே தவிர விஷயம் மாறவில்லை. உரிமையாளர் இன்னார், வாடகைதாரர் இன்னார், கீழ்க்கண்ட ஷரத்துகளுக்கு இருவரும் சம்மதித்து என்று ஆரம்பித்தால், மொத்தம் பதினோரு ஷரத்து. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை பிசகாமல் ஒப்பிப்பாள்.

அந்தப் பதினொன்றில் ஏழாவது அக்காவே எழுதியது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வீட்டு உரிமையாளர் வந்து, “குடி வர்றவங்க ஆணி கீணி அடிச்சு செவுத்தை நாசம் பண்ணிடுறாங்கம்மா. அதுக்கு ஏதாவது ஒரு வரி போட்டுக் குடு” என்றார். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்குத் தன் தமிழைக் காட்ட ஒரு சந்தர்ப்பம். ஐந்து நிமிஷம் யோசித்து, ‘வாடகைதாரர் மேற்படி வீட்டின் சுவர்களில் ஆணி, கொக்கி முதலிய எதனையும் அடித்தோ, செருகியோ, ஒட்டியோ ஊறு விளைவிக்கலாகாது’ என்று தட்டிக் கொடுத்தாள். வந்தவர் இரண்டு தடவை படித்து மெய்மறந்து போனார். ‘ஊறு’ என்ற இடத்தில்தான் ஆள் விழுந்தார் என்று அக்காவுக்கு இன்றைக்கும் நம்பிக்கை. முதலாளி அந்த வரியை நிரந்தரப் படிவத்தில் சேர்த்துவிட்டார். பக்கத்துக் கடைகள் இரண்டும் வெட்கமில்லாமல் காப்பியடித்தன. சில வருஷத்துக்குள் அந்த வட்டாரத்தில் ஏழாவது ஷரத்து இல்லாத வாடகை வீடே கிடையாது என்று ஆகிவிட்டது.

ஒப்பந்தத்தை யாரும் உட்கார்ந்து படிப்பதில்லை. “எங்கம்மா கையெழுத்து?” என்று கேட்பார்கள். அக்கா விரல் வைத்துக் காட்டுவாள். போட்டுவிட்டுப் போவார்கள். பிறகு என்றைக்காவது சுத்தியல் சத்தம் கேட்டு உரிமையாளர் அந்தத் தாளோடு வந்து நின்றால்தான் அதில் ஏழாவது என்று ஒன்று இருப்பதே தெரியவரும். சும்மா கிடந்த காலத்திலேயே அதைப் படித்து, அதன்படி நடந்த ஒரே ஜீவன் அக்காதான்.

அக்காவுக்கு வாய்த்த கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊர்க் கான்கிரீட்டையெல்லாம் துளைத்துத் தள்ளுகிற ஆள். வீட்டில் அவருக்குக் குண்டூசி குத்தக்கூட அனுமதியில்லை. கல்யாணமாகி முதல் வாடகை வீட்டுக்குப் போனபோது, ஒப்பந்தத்தை அக்கா தட்டினாள், அவர் கையெழுத்துப் போட்டார், அக்கா சாட்சிக் கையெழுத்தும் போட்டாள். தன் வலையில் தானே போய் உட்கார்ந்துகொண்டவள் என்று அவர் இன்றும் கேலி செய்வார்.

அந்தக் கல்யாணத்துக்கு அக்கா தன் சம்பளத்தில் வாங்கிய ஒரே ஆடம்பரப் பொருள் ஒரு முகக்கண்ணாடி. தேக்குச் சட்டம், மேல்விளிம்பில் சின்னக் கொடி வேலைப்பாடு, பின்னால் மாட்டுவதற்கு ஒரு வளையம். அதை மாட்ட ஆணி வேண்டுமே. அடிக்கத்தானே கூடாது, இருப்பதில் மாட்டலாமே என்று அக்கா தன் ஷரத்திலேயே ஒரு சந்து கண்டுபிடித்தாள். முன்னால் குடியிருந்தவர் யாரோ திருட்டுத்தனமாக அடித்துவிட்டுப் போன ஆணி எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். கண்ணாடி அங்கே போகும். ஆணி அடித்த மனிதரின் உயரம் எதுவோ, அதுதான் அக்காவின் தலையெழுத்து.

முதல் வீட்டில் இருந்தவர் ஒட்டகச்சிவிங்கி வம்சமாக இருக்க வேண்டும். கண்ணாடியில் அக்காவின் வகிடு மட்டும் தெரிந்தது. முகம் பார்க்க வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறி நின்றாள். இரண்டாவது வீட்டில் ஆணி சமையலறையில், அடுப்புக்கு நேர் மேலே. பாதி நாள் ஆவி படிந்து, கண்ணாடிக்குள் யாரோ தூரத்து உறவு நிற்பது போல இருக்கும். மூன்றாவதில் ஆணி முழங்கைக்குக் கீழே, பிள்ளைகளின் புத்தகப்பை மாட்ட அடித்தது. அந்த வீட்டில் கண்ணாடியால் பலனடைந்தவள் தவழ்ந்துகொண்டிருந்த மகள் மட்டும்தான். அடுத்த வீட்டில் ஆணி கதவுக்குப் பின்னால். பொட்டு வைத்துக்கொண்டிருந்தவளை நான்கு தடவை கதவால் இடித்த பெருமை கணவருக்கு உண்டு. கடைசியாக இருந்த வீட்டில் உரிமையாளர் ஆணிகளையெல்லாம் பிடுங்கி, ஓட்டையை அடைத்து, வெள்ளையும் அடித்துவிட்டார். கண்ணாடி ஒரு ஸ்டூலில் ஏறிச் சுவரில் சாய்ந்தது. ஒன்பது வருஷம் அக்கா அதன் முன்னால் குனிந்துதான் தலை வாரினாள்.

இப்போது சொந்த வீடு. மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாவது மாடி, இரண்டு அறை, ஒரு கூடம். குடிவந்து ஐந்து மாதம். பத்திரம் அக்காவின் பெயரில்தான் பதிவாயிற்று. அதைத் தட்டியதும் அக்காதான். அதில் எந்த ஷரத்தும் இல்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் கண்ணாடி தரையில், சுவரில் சாய்ந்து, வருவோர் போவோரின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மகள் கல்லூரியில் கடைசி வருஷம். பாடப் புத்தகத்தைப் பார்க்கும் நேரத்தைவிட, அறையை அழகு செய்யும் வீடியோக்களைப் பார்க்கும் நேரம் அதிகம். சொந்த வீடு என்றதும் அவள் கை துறுதுறுத்தது. ஒரு சுவருக்கு மட்டும் அடர்பச்சை, அதில் ஒன்பது படங்கள் கொண்ட ஃபோட்டோ வரிசை, புத்தகம் வைக்க மிதக்கும் பலகை, ஜன்னலைச் சுற்றிக் குட்டி விளக்குச் சரம், மேலிருந்து தொங்கும் செடி என்று ஒரு பட்டியலே வைத்திருந்தாள்.

“இதுல ஆணி இல்லாம எது நடக்கும்?” என்றாள் அக்கா.

“பச்சைக் கலர் ஒண்ணு நடக்கும்.”

“திரும்ப வெள்ளை அடிக்கிறது யாரு?”

“எதுக்கும்மா திரும்ப வெள்ளை அடிக்கணும்?”

காலி செய்யும்போது பழையபடி வெள்ளை அடித்துக் கொடுப்பது ஒன்பதாவது ஷரத்து. அதை வாய்விட்டுச் சொன்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று விழுங்கிக்கொண்டாள்.

பச்சைக்குக் கடைசிவரை அனுமதி கிடைக்கவில்லை. பதிலாகச் சமரசங்கள் நடந்தன. ஒட்டினால் பிடித்துக்கொள்ளும், உரித்தால் தடமே தெரியாது என்று ஒரு கொக்கியைத் தேடிப் பிடித்து வரவழைத்தாள் மகள். அதில் தொங்கிய செடி மூன்றாம் நாள் அப்பாவின் சாப்பாட்டுத் தட்டில் வந்து இறங்கியது. அவர் மண்ணை ஒதுக்கிவிட்டு மேற்கொண்டு சாப்பிட்டார். அடுத்து, செங்கல் சுவர் மாதிரி அச்சடித்த ஒட்டுத்தாள் வந்தது. செங்கல் வைத்துக் கட்டி, அது தெரியக்கூடாதென்று சிமெண்டு பூசி, அதன்மேல் செங்கல் படத்தை ஒட்டுவதற்கு என்ன பெயர் என்று கணவர் கேட்டார். “டிரெண்டுப்பா” என்றாள் மகள். அந்தத் தாளும் ஈர நாளொன்றில் சுருண்டு கழன்று, சோபாவில் படுத்துக்கொண்டது.

மிஞ்சியதெல்லாம் தரைக்கு வந்தது. பிரம்புக் கூடைக்குள் செடி, சாய்த்து வைத்த படங்கள், நின்றுகொண்டே வெளிச்சம் தரும் விளக்கு. கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைப்பதுதான் இப்போது நாகரிகம் என்று ஒரு வீடியோவில் மகள் காட்டியபோது அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இருபத்து மூன்று வருஷப் பயத்துக்குக் கடைசியில் ஃபேஷன் என்று பெயர் கிடைத்துவிட்டது. கடையில் இரண்டு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் வைத்தாள். கூடமோ, மேலே பார்த்தால் வெறும் வெள்ளைச் சுவர், கீழே பார்த்தால் கால் வைக்க இடமில்லாமல் சாமான். லாரி வரட்டும் என்று காத்திருக்கிற வீடு போலத்தான் இருந்தது.

உண்மையில் அக்காவும் ஒரு லாரிக்குத்தான் காத்திருந்தாள். காலையில் எழுந்ததும் சுவரைத் தடவிப் பார்ப்பாள். குழாய் சரிபார்க்கக் கட்டடக்காரரின் ஆள் வந்தபோது, அவன் கேட்காமலே, “செவுரெல்லாம் குடுத்தபடியே வெச்சிருக்கோம் தம்பி” என்றாள். அவன் திருதிருவென விழித்துவிட்டுக் குழாயைப் பார்க்கப் போனான். என்றாவது ஒருநாள் யாரோ கதவைத் தட்டி, போதும் கிளம்புங்கள் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் அவளை விட்டுப் போகவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் பரணில் எதையோ தேடியபோது, வீடு மாறிய அட்டைப்பெட்டிகள் பதினெட்டும் மடித்துக் கயிறு போட்டு அடுக்கியிருப்பதைக் கண்டுபிடித்தாள். ஒவ்வொன்றிலும் ‘பாத்திரம்’, ‘துணி’, ‘கண்ணாடி ஜாக்கிரதை’ என்று அக்காவின் கையெழுத்து.

“இதை ஏம்மா வெச்சிருக்கே?”

“காலி பண்றப்ப வேணுமில்ல?” என்றாள் அக்கா. சொன்ன பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது.

கணவர் பேப்பரை மடித்து வைத்தார். மகள் பரணிலிருந்து இறங்கி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். கோபமாகப் பேசவில்லை, சிரித்துக்கொண்டேதான் பேசினாள்.

“அம்மா, ஆறு வயசுல செவுத்துல ஒரு காகித நட்சத்திரம் ஒட்டினதுக்கு அடி வாங்கினேன், ஞாபகம் இருக்கா? இப்ப இருபது வயசு. இன்னும் ஒட்டக்கூடாதா?”

ஞாபகம் இல்லாமல் எப்படி இருக்கும்? பள்ளியில் கத்தரித்த மஞ்சள் நட்சத்திரம். கட்டிலுக்கு மேலே பசை போட்டு ஒட்டியிருந்தது. வாடகை வாங்க வந்த உரிமையாளர் அதைப் பார்த்து, “என்ன இது?” என்று மட்டும்தான் கேட்டார். அவர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அக்கா குழந்தையின் முதுகில் ஒன்று வைத்துவிட்டாள். அவருக்கே சங்கடமாகப் போய், பரவாயில்லை, குழந்தைதானே என்றார். நட்சத்திரத்தை உரித்தபோது சுண்ணாம்பு ஒரு காசளவு கூடவே வந்தது. பெற்ற பிள்ளையைவிடச் சுவர் பெரிதாகப் போன அந்த ஒரு நொடிக்காக அக்கா இன்றுவரை தன்னை மன்னித்ததில்லை. இத்தனை வருஷத்தில் அதைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளை மறந்திருக்கும் என்று இவள் நினைத்திருந்தாள்.

அக்கா கணவர் பக்கம் திரும்பி, “என்னங்க, ஆணி இருக்கா?” என்றாள்.

கணவர் காது கேட்காதவர் மாதிரி பார்த்தார்.

“ஒண்ணே ஒண்ணு. டிரில்லெல்லாம் வேணாம், சுத்தியலால மெதுவா. கண்ணாடிக்கு மட்டும்.”

அம்மா மனம் மாறுவதற்குள் காரியத்தை முடிக்க வேண்டும் என்று அப்பாவும் மகளும் பறந்தார்கள். கண்ணாடிக்கு ஜன்னல் பக்கத்துச் சுவர் என்று முடிவாயிற்று. கணவர் காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு சுவர் முன்னால் நின்றார்.

“எங்க அடிக்கட்டும்?”

அக்கா அவரைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். இந்தக் கேள்வியை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. எங்கே கண்ணாடி இருக்கிறதோ அங்கே அவள் போய் நின்றாள், ஏறினாள், குனிந்தாள். கண்ணாடி தன்னிடம் வரவேண்டுமென்றால் எவ்வளவு உயரத்துக்கு வரவேண்டும் என்று நாற்பத்தெட்டு வயதில் அவளுக்குத் தெரியவில்லை.

“நீ வழக்கமா தலை வார்ற மாதிரி நில்லு, நான் குறிச்சுக்கறேன்” என்றார் கணவர்.

நின்றாள். அவர் சட்டத்தின் உயரத்தைக் கணக்கிட்டுப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். ஆணியை நிறுத்தினார். முதல் அடி விழுந்தது. வெள்ளைச் சுவரிலிருந்து ஒரு சிட்டிகைத் தூள் உதிர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நாலாவது அடியில் ஆணி இறுகியது. அதே நேரம் அழைப்புமணி அடித்தது.

அக்கா கணவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கி அழுக்குத்துணிக் கூடைக்குள் புதைத்தாள். மகளின் தோளில் கிடந்த துண்டை இழுத்து ஆணிமேல் தொங்கவிட்டாள். ஆணி இருப்பதை அதைவிடத் தெளிவாக யாராலும் காட்டியிருக்க முடியாது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கீழ்வீட்டுக்காரர். பேருந்து ஓட்டுநர், வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம்.

“மேலே ஆணி அடிக்கிற சத்தம் கேட்டுச்சு” என்றார்.

“தெரியாம அடிச்சிட்டோம் சார். ஒண்ணுதான். இனிமே அடிக்க மாட்டோம். செவுத்தைப் பழையபடி ஆக்கிடுறோம்” என்று அக்கா மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள்.

ஓட்டுநர் குழம்பிப்போனார். தலையைச் சொறிந்தார்.

“இல்ல மேடம், அதுக்கில்ல. அடிக்கலாமா?”

“என்னது?”

“ஆணி. நம்ம கட்டடத்துல அடிக்கலாமா? வந்து அஞ்சு மாசமாச்சு, யார் வீட்லயும் சத்தமே இல்ல. ஏதோ கூடாது போலிருக்கு, நமக்குத்தான் தெரியலைன்னு நானும் பேசாம இருந்துட்டேன். கடிகாரத்தை இன்னும் பீரோ மேல படுக்கப் போட்டுத்தான் மணி பார்க்கறோம். மேல்மாடியிலயும் அதே கதைதான். பதினாறு வருஷமா வாடகை வீடு மேடம். எந்த ஒப்பந்தத்தைப் பார்த்தாலும் ஏழாவதா ஒரு ஷரத்து, ஊறு விளைவிக்கலாகாதுன்னு. எந்தப் புண்ணியவான் எழுதினானோ, கையில கெடைச்சா பஸ்ஸை ஏத்திருவேன்.”

கணவருக்குத் திடீரென்று இருமல் வந்து சமையலறைக்குப் போய்விட்டார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் வழியே மேகம் பார்த்தாள். அக்கா மட்டும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றாள்.

“அடிக்கலாம் சார். நம்ம வீடுதானே” என்றாள்.

அந்த ‘நம்ம’ வாய்க்குள் புதுச் செருப்பு மாதிரி கொஞ்சம் கடித்தது. ஆனால் வெளியே வந்துவிட்டது. அழுக்குத்துணிக் கூடையிலிருந்து சுத்தியலை எடுத்து, “முடிஞ்சதும் குடுத்துடுங்க” என்று அவர் கையில் கொடுத்ததும் அவளே. கால் மணி நேரத்தில் கீழே சுத்தியல் சத்தம் கேட்டது. அதைக் கேட்டு மேல்மாடியில் ஒன்று ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுக்காரர் டிரில்லையே இறக்கிவிட்டார். ஐந்து மாத அமைதி அன்று சாயங்காலத்தோடு முடிந்தது. செடி, படம், கடிகாரம், துண்டு மாட்டும் கம்பி என்று கட்டடம் முழுக்க ஏதோ ஒன்று சுவரேறிக்கொண்டிருந்தது.

துண்டை எடுத்துவிட்டுக் கண்ணாடியை மாட்டினார்கள். அக்கா எதிரில் போய் நின்றாள். நெற்றி, மூக்கு, வாய் எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தன. சந்தோஷமாகத் தலையை ஆட்டினாள்.

“அம்மா, ஏன் குனிஞ்சு நிக்கிறே?” என்றாள் மகள்.

“நானா? நேராத்தான் நிக்கிறேன்.”

மகள் பின்னாலிருந்து இரண்டு தோளையும் பிடித்து மெல்ல நிமிர்த்தினாள். கண்ணாடியில் அக்காவின் முகம் மேலே போய், தாலியும் ரவிக்கைக் கழுத்தும் வந்து நின்றன. புள்ளி வைக்கும்போதும் அவள் குனிந்துதான் நின்றிருக்கிறாள். அவளுக்கும் தெரியவில்லை, தினமும் அளவெடுத்தே பிழைக்கிற அவருக்கும் தெரியவில்லை. ஒன்பது வருஷமாகப் பார்த்துப் பழகியதில், அதுதான் அவளுடைய உயரம் என்று இருவருமே நினைத்துவிட்டார்கள். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. அக்கா இரண்டையும் தடுக்கவில்லை.

“பிடுங்கிட்டு ஓட்டையை அடைச்சிடட்டுமா?” என்றார் கணவர்.

“வேணாம். அது அங்கயே இருக்கட்டும். பென்சிலைக் குடுங்க.”

நிமிர்ந்து நின்று, சுவரில் கையை வைத்து, அவளே புள்ளி வைத்தாள். கீழே போயிருந்த சுத்தியல் திரும்பி வந்ததும் அவளே அடித்தாள். முதல் அடி கணவரின் கட்டைவிரலில் விழுந்தது, மற்றதெல்லாம் ஆணியில் விழுந்தது. கண்ணாடி தன் இடத்துக்குப் போனது. புதிய ஆணியைக் கொஞ்சம் பக்கவாட்டில் தள்ளித்தான் அடித்திருந்தாள், அதனால் பழையது கண்ணாடியின் ஓரத்தில் தனியாக நீட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் அதில் ஒரு மஞ்சள் காகித நட்சத்திரம் தொங்கியது. இருபது வயதுக்காரி கத்தரித்தது என்று சொன்னால் நம்ப முடியாது, அவ்வளவு கோணல். கடைக்குக் கிளம்பும்போது அக்கா அதை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனாள்.

அன்றைக்குக் கடைக்கு ஒரு உரிமையாளர் வந்தார். கூடவே குடிவரப்போகும் புருஷன் பெண்டாட்டி, கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அக்கா தட்ட ஆரம்பித்தாள். ஆறு ஷரத்து முடிந்தது. ஏழாவதில் விரல் நின்றது. ஊறு விளைவிக்கலாகாது என்பதுவரை தட்டிவிட்டு, இன்னொரு வரி சேர்த்தாள். பிறகு தாளை எடுத்து, கடையில் இதுவரை இல்லாத வழக்கமாக, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசித்தாள்.

“எனினும், குடியிருக்கும் பெண்மணி தம் உயரத்துக்கு ஏற்ற இடத்தில் ஒரு முகக்கண்ணாடி மாட்டிக்கொள்ள ஒரு ஆணி அடித்துக்கொள்ளலாம். இரண்டாவதும் தேவைப்பட்டால் அதையும் அடித்துக்கொள்ளலாம்.”

அந்தப் பெண் தலையை நிமிர்த்தி அக்காவைப் பார்த்தாள். உரிமையாளர் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல், “சரி சரி, எல்லாம் வழக்கமானதுதானே. எங்கம்மா கையெழுத்து?” என்றார்.

அக்கா விரல் வைத்துக் காட்டினாள்.